பிரெஸ்டன் நகரத்துப் பிளம்பர்: டொம் ஃபின்னியின் வாழ்வும் எமது பாடமும்

(யாழ்ப்பாணத்தில் தொழில் புரியும், கல்வி கற்கும் மலையக இளைஞர்களையும் உள்ளூர் விளையாட்டுக் கழக நண்பர்களையும் சந்தித்தபோது எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யாழ்ப்பாணத்துக்கு வந்து உதைபந்தாட்டம் பற்றிப் பேசுவது, கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கொடுப்பது போன்றது. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் பந்தைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்தவர் மாலையில் மைதானத்தில் நிற்பார். துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு இறுதிப் போட்டி என்றால் ஊரே திரண்டு போகும்.

எங்கள் தோட்டங்களிலும் பந்து உண்டு. ஆனால் மலையில் மட்டமான நிலம் கிடைப்பதுதான் பெரும்பாடு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேட வேண்டும். பந்து கிடைப்பதற்குள் இருட்டிவிடும். அப்படியிருந்தும் நாம் விளையாடுகிறோம்.

இன்று நாம் ஒரு உதைபந்தாட்ட வீரரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். கோல்களை எண்ணுவதோடு முடிகிற கதை அல்ல இது. சம்பளம், கட்டுப்பாடு, விசுவாசம், சங்கம் ஆகிய நான்கும் இதற்குள் இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்த எமக்கு இந்த நான்கும் தெரிந்த விடயங்கள்.

அவருடைய பெயர் டொம் ஃபின்னி. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பிரெஸ்டன் நகரில் 1922 ஏப்ரல் 5 ஆம் திகதி பிறந்தார். பிரெஸ்டன் ஒரு பஞ்சாலை நகரம், தொழிலாளர் நகரம். 1853 இல் அங்குள்ள ஆலைத் தொழிலாளர்கள், முன்பு வெட்டப்பட்ட நூற்றுக்குப் பத்து வீதக் கூலியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முதலாளிமார் ஆலைகளைப் பூட்டினார்கள். அந்தக் கதவடைப்பு அடுத்த ஆண்டு வரை நீடித்தது. எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். கடைசியில் பட்டினி வென்றது, தொழிலாளர் தோற்றுத் திரும்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில், பிரெஸ்டன் நோர்த் எண்ட் என்ற கழகத்தின் டீப்டேல் மைதானத்துக்கு அருகிலேயே ஃபின்னி பிறந்தார்.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். மெலிந்த உடம்பு. பதினான்கு வயதில் அவரைப் பார்த்தவர்கள், இந்தப் பையன் பந்துக்கு ஆகமாட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் விடாமல் பழகினார். இயல்பில் இடதுகால் ஆட்டக்காரர். வலது காலையும் அதே அளவுக்குப் பழக்கி எடுத்தார். பின்னாளில் வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் நடுவிலும் ஆடக்கூடியவராக அவரை ஆக்கியது அந்தப் பழக்கம்தான்.

பிரெஸ்டன் கழகம் அவரைச் சிறுவனாக இருக்கும்போதே கூப்பிட்டது. மகன் துள்ளினான். தந்தை மறித்தார். முதலில் பிளம்பர் வேலையைப் பழகி முடி, அதற்குப் பிறகு பந்து என்றார். கால் முறிந்தால் பந்து சோறு போடாது, கைத்தொழில் சோறு போடும் என்பது அந்தத் தந்தையின் கணக்கு. மகன் கேட்டான். பகலில் குழாய் வேலை, மாலையில் பயிற்சி என்று வளர்ந்தான். உலகப் புகழ் பெற்ற பிறகும் ஃபின்னி அந்தத் தொழிலை விடவில்லை. தம் சகோதரருடன் சேர்ந்து குழாய் பொருத்தும் தொழிலை நடத்தினார். ‘பிரெஸ்டன் பிளம்பர்’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. நேற்று இங்கிலாந்துக்காக ஆடியவர் இன்று ஒரு வீட்டில் ஒழுகும் குழாயை அடைத்துக்கொண்டிருப்பார்.

1940 இல் தொழில்முறை வீரராகக் கையெழுத்திட்டார். ஆனால் யுத்தம் வந்துவிட்டது. இராணுவத்தில் சேர்க்கப்பட்டு எகிப்துக்குப் போனார். பின்னர் இத்தாலியில் தாங்கி ஓட்டினார். ஒரு ஆட்டக்காரனுக்கு இருபது வயது தொடக்கம் இருபத்து நான்கு வரை எவ்வளவு பெறுமதியான காலம் என்பது இங்குள்ள தம்பிமாருக்குத் தெரியும். வடக்கில் பிறந்த எத்தனையோ நல்ல ஆட்டக்காரரின் அந்த வயதையும் யுத்தம்தான் தின்றது. அதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஃபின்னிக்கு லீக் போட்டியில் முதல் ஆட்டம் 1946 ஓகஸ்ட் 31 ஆம் திகதிதான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. அடுத்த மாதமே இங்கிலாந்து அணிக்கு எடுக்கப்பட்டு, முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் போட்டார்.

அதற்குப் பிறகு 1960 வரை ஒரே கழகம். பிரெஸ்டனுக்காக 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். 1950, 1954, 1958 என்று மூன்று உலகக் கிண்ணங்கள். 1954 இலும் 1957 இலும் ஆண்டின் சிறந்த வீரர். இத்தனை ஆண்டுகளில் நடுவர் ஒரு முறைகூட அவருடைய பெயரைக் குறித்துக்கொண்டதில்லை, மைதானத்தை விட்டு வெளியேற்றியதும் இல்லை. எத்தனையோ தடுப்பாளர்கள் அவருடைய காலைக் குறிவைத்தார்கள். விழுந்தால் எழும்பிப் போய்விடுவார்.

ஆனால் கிண்ணம்? பெரிய கிண்ணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1953 இல் புள்ளிகளில் ஆர்சனலுக்குச் சமமாக வந்தும், கோல் விகிதத்தில் சம்பியன் பட்டம் கைநழுவியது. 1954 இல் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் 3-2 என்று தோல்வி. 1958 இல் மறுபடியும் லீக்கில் இரண்டாம் இடம். அவர் விலகிய மறு ஆண்டே, 1961 இல், பிரெஸ்டன் முதற்பிரிவிலிருந்து கீழே இறங்கியது. இன்றுவரை திரும்பி ஏறவில்லை. ஒரு மனிதர் ஒரு கழகத்தை எவ்வளவு காலம் தோளில் சுமந்திருக்கிறார் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

தோழர்களே, இனித்தான் நாம் சொல்ல வந்த விடயம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் உதைபந்தாட்ட வீரருக்கு உச்சச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. எமக்குக் குறைந்தபட்சச் சம்பளம் தெரியும், அதற்காகத்தான் போராடுகிறோம். அவர்களுக்கு இருந்தது அதிகபட்சம். இதற்கு மேல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று கழக உரிமையாளர்கள் தமக்குள் விதி போட்டிருந்தார்கள். 1951 இல் அது வாரத்துக்கு 14 பவுண். எவ்வளவு பெரிய வீரரானாலும் அதற்கு மேல் இல்லை. அதே காலத்தில் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. 1948-49 பருவத்தில் மட்டும் லீக் போட்டிகளைப் பார்க்க 4 கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. அந்தப் பணம் எங்கே போனது? கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போகிறது, கொழுந்து எடுத்தவருக்கு என்ன வருகிறது என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

1952 இல் இத்தாலியின் பலேர்மோ கழகத்திலிருந்து ஃபின்னிக்கு ஒரு அழைப்பு வந்தது. கையெழுத்துப் போட 10,000 பவுண். மாதம் 130 பவுண் சம்பளம். வெற்றிக்கு மேலதிகக் கொடுப்பனவு. இருக்க மாளிகை போன்ற வீடு, ஓட்டக் கார், குடும்பம் வந்துபோகப் பயணச் செலவு. அந்தக் கையெழுத்துப் பணம் மட்டுமே பிரெஸ்டனில் அவருக்கு ஏறக்குறைய 14 ஆண்டுச் சம்பளம். அவர் அதை மறைக்கவில்லை. கழகத் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். ஆடினால் பிரெஸ்டனுக்கு ஆடு, இல்லையென்றால் எவருக்கும் ஆட முடியாது என்பதே அந்த மறுப்பின் பொருள்.

அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்ததா? இருந்தது. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் அவருடைய பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கழகம் விடுவித்தால்தான் வேறு இடத்துக்குப் போகலாம். வேறு கழகம் வாங்கும்போது பணம் கழகத்துக்கும் கழகத்துக்கும் இடையில் கைமாறும். ஆடுகிறவருக்குக் கையெழுத்துக் காசாகக் கிடைப்பது 10 பவுண்.

இதைக் கேட்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு சொல் ஞாபகத்துக்கு வரவில்லையா? துண்டு. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டத்தார் அந்தக் கடனைக் கட்டினால்தான் பழைய தோட்டம் விடும். ஆளுக்கு விலை துண்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் ஒழிந்த துண்டு, இங்கிலாந்தின் பச்சைப் புல் மைதானத்தில் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் வேறு பெயரில் இருந்தது.

அந்த வீரர்கள் லயத்தில் இருந்தவர்கள் அல்ல. அவர்களுடைய கஷ்டமும் எமது கஷ்டமும் ஒரே அளவு என்று நாம் சொல்லவில்லை. ஃபின்னிக்கு ஒரு வாக்கு இருந்தது, ஒரு நாடு இருந்தது. அவர் 1948 இல் இத்தாலியின் டூரின் நகரில் இங்கிலாந்துக்காக இரண்டு கோல் போட்டு 4-0 என்று வென்ற அதே ஆண்டில்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. எமது மக்கள் நாடற்றவர்களானார்கள். அப்போது இந்தக் குடாநாட்டிலிருந்து எழுந்த குரல்களில் தந்தை செல்வாவின் குரலை நாம் மறக்கமாட்டோம். பலேர்மோவிலிருந்து ஃபின்னிக்கு அழைப்பு வந்த 1952 இல் எமது தலைவர்கள் வாக்குரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அளவு வேறு. ஆனாலும், உழைக்கிறவனுடைய காலை இன்னொருவன் கட்டிவைக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஃபின்னி விசுவாசமானவரா, அல்லது கட்டிவைக்கப்பட்டவரா?

தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியை இலேசாக விடமுடியாது. விசுவாசம் என்ற சொல்லைத் துரைமார் வாயிலிருந்து நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நாலு தலைமுறையாக இந்தத் தோட்டத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள் என்று மேடையில் புகழ்வார்கள். அடுத்த நாள் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான்.

எமது பதில் இது. பிரெஸ்டன் ஊர்மீது ஃபின்னிக்கு இருந்த பற்று உண்மையானது. 1960 இல் காயத்தோடு விலகினார். கழகத்தின் பிடி அத்தோடு முடிந்தது. அதன்பின் அவரை அந்த ஊரில் நிற்கச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அவர் போகவில்லை. அங்கேயே தொழில் செய்தார், நீதவானாக இருந்தார், பிரதேச சுகாதார சபையின் தலைவராக இருந்தார், கழகத்தின் கௌரவத் தலைவராக இருந்தார். 1998 இல் ‘சேர்’ பட்டம் வந்தபோதும் அதே ஊர், அதே மனிதர். மனைவி எல்சி நினைவு இழக்கும் நோயில் விழுந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தார். 2014 பெப்ரவரி 14 ஆம் திகதி, 91 வயதில், அவர் காலமானபோது அந்த நகரம் தெருவில் நின்று வழியனுப்பியது. ஒருவர் போக முடிந்தும் போகாமல் நின்றார் என்றால், அதற்குப் பெயர் விசுவாசம்.

ஆனால் 1952 இல் அவரைப் போகவிடாமல் வைத்தது விசுவாசம் அல்ல. அது விதி. அந்த விதி அநியாயமான விதி. அவர் நல்ல மனிதராக இருந்ததால் விதி நல்லதாகிவிடாது. ஒருவருடைய பொறுமையைக் காட்டி மற்றவர்களின் உரிமையை மறுப்பது முதலாளிமாரின் பழைய தந்திரம்.

அந்த விதியை உடைத்தது சங்கம். இங்கிலாந்தில் வீரர்கள் 1907 இல் மன்செஸ்டரில் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். 1909 இல் சங்கத்தை விட்டு விலகும்படி கட்டளை வந்தபோது, மன்செஸ்டர் யுனைட்டட் வீரர்கள் விலக மறுத்து, தண்டனையையும் ஏற்றார்கள். 1960 இல் ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. மன்செஸ்டர் கூட்டத்தில் ஒரு இளம் வீரர் எழும்பினார். என் தகப்பன் சுரங்கத்தில் இதைவிடக் குறைந்த கூலிக்கு இதைவிடக் கஷ்டப்படுகிறார், நாம் ஏன் கூடக் கேட்க வேண்டும் என்றார். மண்டபம் அமைதியானது. அப்போது போல்ட்டன் அணியின் தடுப்பாளர் டொமி பேங்ஸ் எழும்பினார். அவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். உன் தகப்பனின் வேலை கஷ்டம்தான், எனக்கும் தெரியும், ஆனால் மத்தியூஸ் போன்ற ஒருவரை நான் மறிக்கும்போது காசு கொடுத்துப் பார்க்க முப்பதாயிரம் பேர் வருகிறார்கள், அந்தக் காசில் எங்கள் பங்கு எங்கே என்ற கருத்தில் பேசினார். அத்தோடு மண்டபம் வேலைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியது.

1961 ஜனவரியில், வேலைநிறுத்தத் திகதிக்கு மூன்று நாள் முன்னதாக, உச்சச் சம்பளம் ஒழிந்தது. 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ட்டம் என்ற வீரர் சங்கத்தின் துணையோடு நீதிமன்றம் போய், வீரரைப் பிடித்துவைக்கும் முறை சட்டவிரோதம் என்று தீர்ப்புப் பெற்றார். ஃபின்னிக்கு இரண்டும் காலம் கடந்து வந்தவை. அவர் விலகி ஒன்பது மாதத்தில் உச்சச் சம்பளம் போய்விட்டது. பலன் பின்னால் வந்தவர்களுக்கு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கொடி பிடித்த எத்தனை தாய்மார், 2021 இல் அது வர்த்தமானியில் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்கள்? சங்கத்தில் நடும் மரம் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குத்தான் நிழல் தரும்.

எங்கள் ஆட்களில் ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. மலேசியாவின் ஆர். ஆறுமுகம். 1953 இல் பிறந்த தமிழர், சிலாங்கூர் அணியின் பந்துக்காப்பாளர். நீண்ட கைகள், அதனால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். 1980 இல் கோலாலம்பூரில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கம்பங்களுக்கிடையில் நின்றவர் அவர். ஆனால் அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. வியர்வை சிந்தி வென்ற இடத்துக்கு வீரர்களால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில், 35 வயதில், அவர் வீதி விபத்தில் இறந்தார். 2016 இல் வந்த ‘ஓலா போலா’ என்ற மலேசியப் படத்தின் பந்துக்காப்பாளர் பாத்திரம் அவரை நினைத்து உருவானது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் ஒரே சட்டை போட்டு ஆடிய அணி அது. அந்தத் தமிழன் பந்தைப் பிடித்தபோது எந்த இனத்தவன் என்று எவரும் கேட்கவில்லை.

தம்பி தங்கைமாரே, உங்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறோம்.

முதலாவது, விளையாடுங்கள். ஆனால் ஃபின்னியின் தகப்பன் சொன்னதைச் செய்யுங்கள். ஒரு தொழிலைக் கையில் வைத்திருங்கள். குழாய் வேலை, மின்சார வேலை, தச்சு, தையல், கணினி, எதுவானாலும் சரி, பயிற்சியை முடித்துச் சான்றிதழ் எடுங்கள். பெற்றோரும் மகளை மைதானத்துக்குப் போகாதே என்று மறிக்க வேண்டாம்.

இரண்டாவது, எதில் கையெழுத்துப் போட்டாலும் வாசித்துப் பாருங்கள். கழகமாக இருக்கலாம், கடையாக இருக்கலாம், வெளிநாட்டு முகவராக இருக்கலாம். எத்தனை காலத்துக்கு, எவ்வளவு சம்பளம், எப்போது விலகலாம், ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் எமது பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். விளங்காவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

மூன்றாவது, ஊரை மறவாதீர்கள். தோட்டத்தை விட்டுப் போகிறவர்களை நாம் குறை சொல்வதில்லை. போகிற உரிமைக்காகத்தான் எமது பெரியவர்கள் துண்டை எதிர்த்தார்கள். ஆனால் போன இடத்திலிருந்து ஒரு பந்து வாங்கி அனுப்புங்கள். விடுமுறைக்கு வரும்போது தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை பயிற்சி கொடுங்கள். மைதானத்துக்கு ஒரு மட்டமான நிலம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதும்போது உங்கள் கையெழுத்தையும் சேருங்கள்.

யாழ்ப்பாணத்துக் கழக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எமது தோட்டத்து அணிகளை ஒரு முறை உங்கள் மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். அடுத்த முறை நீங்கள் மலைக்கு வாருங்கள். குளிரில் ஓட முதல் நாள் மூச்சு வாங்கும், தேத்தண்ணி கொடுத்து நாம் பார்த்துக்கொள்வோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள கொப்பியில் கழகத்தின் பெயரையும் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.